கேஸ் முடிந்தது என்றால் கடதாசி எங்கே?

(தோட்டத்துச் சமூக மண்டபத்தில் நடந்த பெற்றோர், இளைஞர் கூட்டத்தில் எமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய பேச்சு. அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



மலையிலிருந்து இறங்கிய களைப்போடு, கூடையை லயத்தில் இறக்கி வைத்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். வழக்கமாக நாங்கள் இந்த மண்டபத்தில் பிள்ளைகளின் நிறை, மலசலகூடம், குடிதண்ணீர் என்றுதான் பேசுவோம். இன்றைக்குக் கோர்ட் கடதாசி பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவித்ததும், கீழ் டிவிஷன் தலைவர் ஒருவர், "ஏன் சேர், எங்க ஆளுங்க எல்லாம் களவாணியா?" என்று கேட்டுவிட்டார். அப்படி இல்லை. திரிபோஷா கேட்டு வருகிற தாய்மாருக்கு அடுத்தபடியாக எங்கள் ஆபீஸ் கதவைத் தட்டுகிறவர்கள் பழைய கேஸ்காரர்கள்தான். பத்து, பன்னிரண்டு வருசத்துக்கு முந்தின கேஸ். அது முடிந்துவிட்டது என்று இவர்கள் நினைத்திருப்பார்கள். முடிந்ததற்குக் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்காது.

ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறோம். பேர் வேண்டாம், தோட்டமும் வேண்டாம். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறோம்.

2010ஆம் வருசம் மாசி மாதம், காமன் கூத்து நடந்த ராத்திரி. இரண்டு டிவிஷன் பையன்களுக்குள் வாய்ச்சண்டை கைச்சண்டையாகி, ஒருவருக்கு மண்டை உடைந்தது. பொலிஸ் வந்து நான்கு பேரைக் கொண்டுபோனது. அதில் இந்தத் தம்பியும் ஒருவர். அப்போது வயது பத்தொன்பது. பிணையில் வந்தார். ஒரு தவணைக்குக் காய்ச்சல், போகவில்லை. பிடியாணை போட்டார்கள். அடுத்த முறை அப்பாவோடு போய் நின்றார், பிடியாணையை நீதவான் மீளப் பெற்றார். 2011இல் இரண்டு பக்கமும் சமாதானமாகி கேஸ் முடிந்தது. வீட்டுக்கு வந்து சாமிக்குத் தேங்காய் உடைத்தார்கள். அதோடு மறந்தும் போனார்கள்.

2022இல் நாடு இருந்த நிலை உங்களுக்கே தெரியும். மா விலையும் மண்ணெண்ணெய் வரிசையும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தத் தம்பி வெளிநாட்டு வேலைக்கு மனுப் போட்டார். ஏஜென்சி பொலிஸ் றிப்போட் கேட்டது. விசாரித்த இடத்தில், "உன் பேரில் பகிரங்கப் பிடியாணை இருக்கிறது" என்று பதில் வந்தது. பதினொரு வருசத்துக்கு முன் நீதவான் மீளப் பெற்ற அதே பிடியாணைதான். கோர்ட்டில் வெட்டியாயிற்று, பொலிஸ் புத்தகத்தில் வெட்டவில்லை. 

எங்கள் தவறையும் சொல்ல வேண்டும். அவர் முதலில் எங்களிடம் வந்தபோது, "நேரே ஸ்டேசனுக்குப் போய்க் கேளுங்க தம்பி" என்று சொன்னோம். அவருடைய அம்மாதான், "போனா உள்ள வச்சிருவாங்க சேர், எங்கிட்ட கடதாசி இல்லையே" என்று தடுத்தார். அந்த அம்மா சொன்னதுதான் சரி. பிடியாணை இருப்பதாக எழுதியிருக்கும் புத்தகத்துக்கு முன்னால் வெறுங்கையோடு போய் நிற்கக் கூடாது. பிடியாணை இல்லை என்று காட்டக்கூடியது வழக்கேடு மட்டும்தான். அது கோர்ட்டில் இருக்கிறது.

அப்படியென்றால் வழக்கேட்டை எப்படித் தேடுவது? நாங்களும் இதை அந்தத் தம்பியோடு நடந்து நடந்துதான் கற்றுக்கொண்டோம்.

முதல் பயணம். காலை ஐந்தரை பஸ்ஸில் போனோம். பதிவாளர் அலுவலகத்தில் கேட்ட முதல் கேள்வி, "நம்பர் என்ன?" நம்பர் இல்லை. பேரைச் சொன்னோம். அந்த வருசத்துப் பதிவேட்டைப் புரட்டினார்கள், பேர் இல்லை. பொய் சொல்கிறார்களோ என்றுகூட எங்களுக்குத் தோன்றியது. அவர்கள் பொய் சொல்லவில்லை. பதிவேடு சிங்களத்தில் இருந்தது. நம்ம பேரைச் சிங்களத்தில் எழுதும்போது காதில் விழுந்த மாதிரித்தான் எழுதுவார்கள். அப்பா பேர் முன்னே வரும், சில வேளை அப்பா பேர் மட்டுமே பேராகிவிடும். அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, செக்ரோலில் ஒரு மாதிரி, லயத்தில் கூப்பிடுவது வேறு மாதிரி. தோட்டத்துக்கே இரண்டு பேர் இருக்கிறதே! ஆபீஸ் போர்டில் ஒன்று, நம்ம வாயில் ஒன்று. பொலிஸ்காரர் இதில் எதை எழுதினார் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே பேரை மட்டும் வைத்துத் தேடப் போகாதீர்கள்.

பேர் உதவாவிட்டால் திகதி உதவும். ஆனால் திகதியை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? இங்கேதான் நம்ம செக்ரோல் கை கொடுத்தது. அந்தத் தம்பியின் அப்பா வேலைக்குப் போகாத நாளே கிடையாது. காமன் கூத்துக்கு அடுத்த நாளும், அதற்குப் பிறகு விட்டுவிட்டுச் சில நாளும் அவருக்குப் பேர் விழவில்லை. ஆபீஸ் கிளார்க்கிடம் கெஞ்சிப் பழைய செக்ரோலை எடுத்துப் பார்த்தோம். பேர் விழாத நாளெல்லாம் கோர்ட்டுத் தவணை நாள். ஒரு தகப்பன் மகனுக்காக இழந்த சம்பள நாட்கள் வரிசையாக அங்கே கிடந்தன. அதைப் பார்த்தபோது எங்களுக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

இரண்டாவது பயணத்தில் அந்தத் திகதிகளையும், கொண்டுபோன பொலிஸ் ஸ்டேசன் பேரையும் சொன்னோம். அரை மணித்தியாலத்தில் கிடைத்தது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். பொலிஸ் ஒருவரைப் பிடித்து முதலில் நீதவானுக்குக் கொடுப்பது ஓர் அறிக்கை. அதை எல்லோரும் 'பி அறிக்கை' என்பார்கள். அதற்கு ஒரு நம்பர் விழும். விசாரணை முடிந்து குற்றச்சாட்டைத் தாக்கல் செய்யும்போது கேசுக்கு வேறு நம்பர் விழும். ஒரே கேசுக்கு இரண்டு நம்பர். கொலை போன்ற பெரிய கேஸ் மேல் நீதிமன்றத்துக்குப் போனால் அங்கே மூன்றாவது நம்பர். பழைய நம்பரைச் சொல்லிவிட்டு, "ஏடு இல்லையாம்" என்று திரும்பி வந்தவர்கள் நம்மில் உண்டு. "இந்த பி நம்பர் பிறகு எந்தக் கேஸ் நம்பராக மாறியது?" என்று கேளுங்கள். அப்பீல் போட்டிருந்தால் ஏடே மேல் நீதிமன்றத்தில் இருக்கக்கூடும். அதையும் கேளுங்கள்.

எந்தக் கோர்ட் என்பதிலும் நம்ம ஆட்கள் ஏமாறுவது உண்டு. வீட்டுக்குப் பக்கத்து டவுன் கோர்ட் என்று நினைத்துக்கொள்வார்கள். பிடித்த பொலிஸ் பிரிவு எந்தக் கோர்ட்டுக்கு உரியதோ அங்கேதான் ஏடு இருக்கும். மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்தில் பிடித்தால் ஹட்டன் நீதவான் நீதிமன்றம். அதே தோட்டத்துப் பையனைக் கொழும்பில் கடையில் வேலை செய்யும்போது பிடித்திருந்தால், ஹட்டனில் எவ்வளவு தேடியும் பிரயோசனம் இல்லை.

மூன்றாவது பயணம் மனுக் கொடுக்க. ஏடு கிடைத்தாலும் அதைத் தூக்கி நம் கையில் தர மாட்டார்கள், தரவும் கூடாது. சான்றுப்படுத்திய பிரதிக்கு எழுத்தில் கேட்க வேண்டும். நீதவான் அனுமதித்தால், பிரதி எடுத்து, பதிவாளர் கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தருவார். சட்டத்தரணி மூலம் மனு வைப்பது வழக்கம். கையில் காசு இல்லாதவர்களுக்கு, 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டான சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அவர்களுடைய கிளைகள் பல இடங்களில் கோர்ட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. சம்பளச் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டிப் பேசுங்கள்.

மனுவில் என்ன எழுதுவது? அடையாள அட்டையில் உள்ள பேர், கேஸில் எழுதியிருக்கக்கூடிய வேறு பேர்கள், அப்பா பேர், தோட்டம், டிவிஷன், பொலிஸ் ஸ்டேசன், பிடித்த திகதி, என்ன குற்றச்சாட்டு, கூடப் பிடிபட்டவர்கள் யார், பிணை நின்றவர் யார், நம்பர் தெரிந்தால் நம்பர். பிறகு, ஏட்டில் எந்தப் பகுதி வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். முழு ஏடும் கேட்டால் பக்கம் கூடும், செலவும் கூடும், நாளும் இழுக்கும். பொலிஸ் றிப்போட்டுக்கு என்றால் இறுதிக் கட்டளையும் நாளாந்தக் குறிப்புகளும் போதும். நாளாந்தக் குறிப்பு என்றால், ஒவ்வொரு தவணையிலும் என்ன நடந்தது, யார் வந்தார், யார் வரவில்லை, அடுத்த திகதி எது என்று எழுதி வைப்பது. பிடியாணை போட்டதும், மீளப் பெற்றதும் அங்கேதான் இருக்கும். அந்தத் தம்பியைக் காப்பாற்றியது 2011ஆம் வருசத்து இரண்டு வரிக் குறிப்புத்தான்.

காசு கட்டினால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கோர்ட் வாசலில் மரத்தடியில் நின்றுகொண்டு, "ஐயாயிரம் தாங்க, நாளைக்கே எடுத்துத் தாரேன்" என்கிறவருக்குப் பற்றுச்சீட்டு எழுதத் தெரியாது. அதிலேயே ஆள் யார் என்று புரிந்துகொள்ளலாம்.

பிரதி சிங்களத்தில் இருந்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கப்போகிறீர்கள். இதை நம்ம ஆட்களில் பலருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அரசியலமைப்பில் 24ஆம் உறுப்புரை என்று ஒன்று இருக்கிறது. 1988இல் செய்த 16ஆம் திருத்தத்தோடு இப்போதுள்ள வடிவத்துக்கு வந்தது. கோர்ட்டில் பேசும் மொழி விளங்காத வழக்காளிக்கு, அரசாங்கச் செலவில் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். அது மட்டுமல்ல, சட்டப்படி அவருக்கு உரிய வழக்கேட்டுப் பகுதியை, அல்லது அதன் மொழிபெயர்ப்பை, தமிழில் பெறவும் அவருக்கு உரிமை உண்டு. ஆகவே மனுவிலேயே, "எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, தமிழ் மொழிபெயர்ப்பும் தருமாறு கேட்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். மொழிபெயர்க்க ஆள் குறைவு, நாள் எடுக்கும். அது உண்மைதான். நாள் எடுப்பது ஒன்று, உரிமை இல்லை என்பது வேறொன்று. கவுண்டரில் "தமிழில் கிடையாது" என்று சொன்னால், கோபப்படாமல், கடதாசியைக் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்குக் கொப்பியில் கையெழுத்து வாங்குங்கள்.

நான்காவது பயணத்தில் பிரதி கைக்கு வந்தது. பதினொரு பக்கம். ஒரு சட்டத்தரணியோடு ஸ்டேசனுக்குப் போய்க் காட்டினோம். புத்தகத்தில் வெட்டினார்கள். ஆனால் ஏஜென்சியில் அந்த வேலை அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது. ஏழு மாதம் கழித்துத்தான் அவருக்கு வேறு இடம் கிடைத்தது. நான்கு பேரும் இந்த மாதிரி முடிந்தவர்கள்தானே, மற்ற மூன்று பேரும் பிரதி எடுத்தார்களா என்று கேட்டால், ஒருவர்தான் எடுத்திருக்கிறார். மற்ற இரண்டு பேரும் இந்தக் கூட்டத்தில் இருந்தால் பேச்சு முடிந்ததும் எங்களைப் பாருங்கள். பேர் சொல்ல மாட்டோம்.

இனி, மனசில் இருக்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். கசிப்பு, விறகு, சின்ன அடிபிடி என்று பிடித்தால், நம்ம ஆட்கள் என்ன செய்கிறார்கள்? "ஒத்துக்கிட்டா தெண்டத்தோட இன்னைக்கே முடியும், இல்லாட்டி தவணை தவணையா அலையணும், பேர் போயிரும்" என்று குற்றத்தை ஒத்துக்கொண்டு, கடன் வாங்கித் தண்டப்பணம் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். நாட்கூலிக்காரனுடைய கணக்கு அது. நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் ஒத்துக்கொண்டு தண்டம் கட்டியது குற்றத்தீர்ப்பு. 'காசு கட்டினோம், முடிந்தது' என்பது வேறு, 'விடுதலை' என்பது வேறு. சமாதானமாகி முடிவதும், சாட்சி இல்லாமல் விடுவிப்பதும், குற்றவாளியாக்காமல் நிபந்தனையோடு நீதவான் அனுப்பி வைப்பதும் ஒன்றல்ல. வீட்டுக்கு வந்தவரிடம் "என்ன தீர்ப்பு?" என்று கேட்டால், "விட்டுட்டாங்க" என்கிறார். எப்படி விட்டார்கள் என்பதுதான் பத்து வருசம் கழித்து வேலைக்குப் போகும்போது கேள்வியாக வருகிறது. அன்றைக்கே தெரிந்துகொண்டு வாருங்கள். ஒத்துக்கொள்ளும் முன் ஒரு சட்டத்தரணியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அப்பீல் விஷயமும் அதில் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக மேல் நீதிமன்றத்துக்குப் போக 14 நாள்தான். மேல் டிவிஷனில் ஓர் அக்கா, கணவனுக்குத் தண்டனை கொடுத்த பிறகு, பிரதி வரட்டும் வரட்டும் என்று காத்திருந்தார். பிரதி வந்தது, 14 நாள் போய்விட்டது. பிரதிக்கு மனுக் கொடுக்கிற அன்றைக்கே அப்பீலுக்கும் சட்டத்தரணியைப் பாருங்கள். ஒன்றுக்காக மற்றதை நிறுத்தி வைக்காதீர்கள்.

அடிபட்டவர்கள், பாதிக்கப்பட்டவர்கள் பக்கமும் இருக்கிறது. மகளுக்கோ சகோதரிக்கோ அநியாயம் நடந்து பொலிசில் முறைப்பாடு கொடுத்தவர்கள், கேஸ் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியாமல் வருசக்கணக்கில் இருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டம் வந்தது, அதற்குப் பதிலாக 2023இல் 10ஆம் இலக்கச் சட்டம் வந்தது. வழக்கு எங்கே நிற்கிறது என்று கேட்பது தயவு கேட்பதல்ல. முறைப்பாடு கொடுத்த அன்றைக்கே, எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில், என்ன இலக்கத்தில் எழுதினார்கள் என்று ஒரு துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் துண்டு இருந்தால் பிறகு பொலிஸ் பக்கத்துத் தகவலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. தமிழில் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாளில் தருகிறேன் அல்லது தரமாட்டேன் என்று பதில் சொல்ல வேண்டும். பிரஜைகளுக்கு உரிய சட்டம் அது. 1948இல் நம்ம தாத்தா பாட்டிமாரின் பிரஜாவுரிமை பறிபோனதையும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரைக்கும் மிச்சமிருந்தவர்கள் காத்துக் கிடந்ததையும் பெரியவர்கள் அறிவீர்கள். அவ்வளவு காலம் கழித்துக் கிடைத்ததைப் பெட்டியில் பூட்டி வைப்பதற்கா?

அதேநேரம், அடுத்த வீட்டு ஏட்டைக் கேட்டு யாரும் எங்களிடம் வர வேண்டாம். போன மாதம் ஓர் அண்ணன், "பொண்ணு கேட்டு வந்த மாப்பிள்ளைக்குக் கேஸ் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். நாங்கள் கல்யாணத் தரகர் இல்லை. வழக்கில் சம்பந்தப்பட்டவரும் அவருடைய சட்டத்தரணியும்தான் கேட்கலாம், வேறு யாரும் கேட்பதென்றால் கோர்ட் ஏற்கக்கூடிய காரணம் வேண்டும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட பிள்ளையின் பேரை வெளியே சொல்வதே சட்டப்படி குற்றம். பஸ்ஸிலும் பீலிக்கரையிலும் அப்படிப் பேசுகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். காசுப் பிணை கட்டியவர்கள் கேஸ் முடிந்ததும் அந்தக் காசைத் திருப்பிக் கேட்கலாம். பற்றுச்சீட்டு வேண்டும். எத்தனை பேர் அந்தச் சீட்டை அடுப்பில் போட்டீர்களோ தெரியாது. லயத்துக் கூரை ஒழுகுகிற இடத்தில் கடதாசி எப்படி நிற்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். பொலித்தீன் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி, அடையாள அட்டை வைக்கிற இடத்திலேயே வையுங்கள்.

மிகப் பழைய ஏடு அழிக்கப்பட்டிருக்கவும் கூடும். அப்படிச் சொன்னால், "இந்த ஏடு இப்போது இல்லை" என்று எழுத்தில் தரும்படி கேளுங்கள். வாயால் சொன்ன பதிலை எந்த ஆபீசும் ஏற்றுக்கொள்ளாது.

அடுத்த சம்பள நாளுக்குப் பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்து அறையில் இருப்போம். பழைய பிணைச் சீட்டு, தண்டப்பணச் சீட்டு, தவணைத் துண்டு, லோயர் தந்த கடதாசி, எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். எழுத்து அழிந்திருந்தாலும் பரவாயில்லை, நம்பர் தெரிந்தால் போதும். ஒன்றுமே இல்லாதவர்கள் வந்து, எந்த வருசம், எந்த மாதம், கோயில் திருவிழாவுக்கு முன்னா பின்னா என்று சொல்லுங்கள். செக்ரோல் பார்க்க ஆபீசில் நாங்கள் கேட்டு வைத்திருக்கிறோம். மனு எழுத ஏ எல் படிக்கிற இரண்டு தங்கைமார் உதவிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மழை பலக்கிறது, மேல் டிவிஷன்காரர்கள் முதலில் கிளம்புங்கள். வணக்கம்.